13842: பெரிய புள்ளி என்றால் பெரிய ஃபிளேர் வருமா?

29 செப்டம்பர் 2024, ஞாயிறு காலை (வாசகர் கேள்வி)

மே மாதத்தில் 13664 என்ற சூரியப் புள்ளிக்கூட்டம் வந்தது. பூமியைப் போன்ற பதினைந்து கோளங்களை வரிசையாக வைக்கும் அளவுக்கு நீளம் என்றார்கள். லடாக்கின் ஹான்லேயில் இரவு வானம் துருவ ஒளியால் சிவந்தது. இப்போது 13842 கிழக்கு விளிம்பைத் தாண்டி நம் பக்கம் வந்திருக்கிறது. பெரிய புள்ளி வந்தால் பெரிய ஃபிளேர், அதாவது சூரியனில் திடீரென வெடிக்கும் கதிர்வீச்சு, வரும் என்பதுதானே விதி? அப்படியானால் வரும் அல்லது வராது என்று சொல்லாமல், இத்தனை சதவீதம் என்று ஏன் எல்லோரும் மழுப்புகிறார்கள்? சதவீதம் சொல்பவர் எப்படியும் தப்பித்துக்கொள்வார். ஜோதிடத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

29 செப்டம்பர், இரவு

விதி அதுவல்ல. பரப்பு பெரிதாக இருந்தால் காந்த ஆற்றல் தேங்க இடம் அதிகம் என்பதும், வலுவான ஃபிளேர்களில் பெரும்பாலானவை பெரிய கூட்டங்களில்தான் வந்திருக்கின்றன என்பதும் உண்மை. ஆனால் நிரம்பிய ஏரியெல்லாம் உடைவதில்லை. கரை எங்கே அரித்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். சூரியப் புள்ளியில் அந்தக் கரை என்பது, எதிரெதிர் காந்த முனைகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும் கோடு.

ஜோதிடம் பற்றிய பகுதிக்குத் தனியாகப் பதில் எழுத வேண்டும். இந்த வாரத்துக்குள் எழுதுகிறேன்.

30 செப்டம்பர், திங்கள்

நேற்று எழுதியது போதாது என்று தோன்றியதால், நான் நாள்தோறும் செய்வதைச் சொல்கிறேன்.

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 60 மில்லிமீட்டர் தொலைநோக்கி ஒன்றை வைத்து, சூரியனின் உருவத்தை வெள்ளைத் தாளில் விழச் செய்கிறேன். தாளில் முன்கூட்டியே 15 சென்டிமீட்டர் வட்டம் வரைந்திருக்கும். தொலைநோக்கியை அசைக்காமல் விட்டால் உருவம் தாளில் நகரும். அது நகரும் திசை மேற்கு. பிறகு புள்ளிகளைப் பென்சிலால் குறிக்கிறேன். இந்த அளவில் ஒரு மில்லிமீட்டர் என்பது சுமார் 9,300 கிலோமீட்டர். பூமியை வரைந்தால் ஒன்றரை மில்லிமீட்டர்கூட வராது. (தொலைநோக்கி வழியாக யாரும் நேரே பார்க்கக் கூடாது. பக்கத்தில் குழந்தைகள் இருந்தால் ஃபைண்டர் என்ற குறிபார்க்கும் சிறு குழலுக்கும் மூடி போட்டுவிடுங்கள்.)

நன்கு வளர்ந்த புள்ளியில் நடுவே கருநிழலும், அதைச் சுற்றி இழை இழையாகப் புறநிழலும் இருக்கும். என் பென்சிலால் இதுவரைதான் முடியும். கூட்டத்தின் நீளம், புறநிழலின் வடிவம், இடையில் சிறு புள்ளிகள் எவ்வளவு நெருக்கமாகச் சிதறியிருக்கின்றன என்ற மூன்றையும் பார்த்து மூன்றெழுத்துக் குறி தருவது மெக்கிண்டாஷ் முறை. அதில் 60 வகைகள் உண்டு. ஒவ்வொரு வகையும் கடந்த காலத்தில் எத்தனை ஃபிளேர்களைத் தந்தது என்ற கணக்கிலிருந்துதான் அடுத்த நாளுக்கான சதவீதம் தொடங்குகிறது.

முனைகளைக் கண்ணால் காண முடியாது. புள்ளிகளில் காந்தப்புலம் இருப்பதை ஜார்ஜ் ஹேல் 1908-இல் நிறமாலைக் கோடுகள் பிளவுபடுவதைக் கொண்டு காட்டினார். இன்று 2010-இல் ஏவப்பட்ட நாசாவின் எஸ்.டி.ஓ. சூரிய விண்கலத்தின் காந்தப் படத்தில் ஒரு முனை வெள்ளையாகவும் மறுமுனை கறுப்பாகவும் தெரிகிறது. ஒரே முனை மட்டும் இருந்தால் ஆல்ஃபா, இரண்டும் ஒழுங்காகப் பிரிந்திருந்தால் பீட்டா, கலந்து கிடந்தால் காமா. ஒரே புறநிழலுக்குள் எதிரெதிர் முனைகளின் கருநிழல்கள் அடைபட்டிருந்தால் டெல்டா. நான் முதலில் தேடுவது டெல்டாவைத்தான்.

2 அக்டோபர், புதன், மகாளய அமாவாசை

நம் நேரப்படி இன்று அதிகாலை 3:50-க்கு 13842-இலிருந்து எக்ஸ் 7.1 ஃபிளேர் வெடித்தது. பெங்களூரு உறங்கிக்கொண்டிருந்தது, சூரியன் நமக்கு அடிவானத்துக்குக் கீழே இருந்தது. ஆகவே ஃபிளேரை உணர நான் வைத்திருக்கும் வானொலிக் கருவியின் பதிவுக் கோட்டில் ஒரு நெளிவும் இல்லை.

எண்ணின் பொருளைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் கோஸ் செயற்கைக்கோள்கள் சூரியனின் எக்ஸ் கதிரை அளக்கின்றன. ஏ, பி, சி, எம், எக்ஸ் என்று ஒவ்வொரு படியும் முந்தையதைப் போலப் பத்து மடங்கு. எக்ஸ் 7 என்பது எம் 7-ஐப் போலப் பத்து மடங்கு. எக்ஸ் 1-ஐப் போல ஏழு மடங்கு.

தினமும் மாலை 6 மணிக்கு, அடுத்த 24 மணி நேரத்தில் எக்ஸ் வகை வருவதற்கான வாய்ப்பை நோட்டில் மையால் எழுதிவைப்பது என் வழக்கம். நேற்று மாலை எழுதியது 20 சதவீதம். இன்று மாலை 40 என்று எழுதப்போகிறேன். டெல்டா இன்னும் கலையவில்லை, கூட்டம் சூரிய வட்டத்தின் நடுப்பகுதியை நெருங்குகிறது.

3 அக்டோபர், வியாழன், இரவு 11 மணி

எக்ஸ் 9.0. உச்சம் மாலை 5:48. சூரியப் புள்ளிகள் சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறையும் சுழற்சிகளில், நடப்பான 25-ஆவதில் இதுவரை வந்தவற்றில் மிகப் பெரியது. என் நோட்டில் கெடு முடிய இன்னும் 12 நிமிடங்கள் இருந்தன.

இதை நான் எப்படிப் பதிவு செய்தேன் என்பதை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் நம் கடற்படையின் மிகத் தாழ்ந்த அதிர்வெண் ஒலிபரப்பு நிலையம் இருக்கிறது. அதன் அலை 18.2 கிலோஹெர்ட்ஸ். அங்கிருந்து பெங்களூருக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர். அலையின் ஒரு பகுதி தரையோடு வருகிறது, மறுபகுதி வளிமண்டலத்தின் மேலே மின்னேற்றம் கொண்ட அடுக்கான அயனி மண்டலத்தின் அடித்தட்டில் பட்டுத் திரும்பி வருகிறது. ஃபிளேரின் எக்ஸ் கதிர் வந்து தாக்கியதும் அந்த அடித்தட்டு திடீரென்று அடர்ந்து கீழே இறங்குகிறது. இரண்டு அலைகளும் சேரும் விதம் மாறுகிறது. பெறப்படும் வலிமை சில நேரம் ஏறுகிறது, சில நேரம் இறங்குகிறது. ஒரு மீட்டர் சதுர மரச்சட்டத்தில் 60 சுற்றுக் கம்பி, சிறிய பெருக்கி ஒன்று, பழைய மடிக்கணினியின் சவுண்ட் கார்டு ஆகியவையே என் கருவி.

இன்று கொலுவின் முதல் நாள். எதிர்வீட்டு அக்கா ஐந்தரை மணிக்கே படிகளுக்குச் சீரியல் லைட் போட்டுவிட்டார். அந்த விளக்குகளின் சிறிய அடாப்டர்கள் தாழ்ந்த அதிர்வெண்ணில் இரைச்சலைக் கொட்டும். போட்ட நிமிடத்திலேயே என் கோடு தடித்துவிட்டது. அவர் அழைத்ததால் சுண்டலும் தாம்பூலமும் வாங்கப் போய், ஆறரைக்குத்தான் திரும்பினேன். கோட்டைப் பார்த்தால், ஐந்தரையில் ஒரு தடிப்பு, 5:45-ஐ ஒட்டிச் செங்குத்தாக ஓர் ஏற்றம், பிறகு வழக்கமான அந்திச் சரிவு. ஏற்றம் ஃபிளேரா, இன்னொரு வீட்டு விளக்கா?

இதற்காகவே யாரும் ஒலிபரப்பாத பக்கத்து அதிர்வெண் ஒன்றையும் சேர்த்துப் பதிவு செய்கிறேன். விளக்கின் இரைச்சல் என்றால் இரண்டு கோடுகளும் சேர்ந்து ஏற வேண்டும். ஐந்தரையில் இரண்டும் ஏறியிருந்தன, 5:45-இல் 18.2 மட்டும் ஏறியிருந்தது. அது சூரியன்தான். அடிவானத்தைத் தொட இருபது நிமிடமே இருந்த சூரியன், சாய்ந்து விழுந்த கதிராலேயே கோட்டை அவ்வளவு தூக்கியிருந்தது.

ஜயநகரில் இருக்கும் ஹாம் வானொலிப் பெரியவர் ஒருவர் சற்று முன் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, இருபது மீட்டர் அலைவரிசையில் ஐரோப்பாவோடு பேசிக்கொண்டிருந்தேன். ஐந்தே முக்காலுக்கு மேல் ஒரு குரலும் இல்லை. ஆன்டெனா அறுந்துவிட்டதோ என்று மாடி ஏறிப் பார்த்தேன்." ஐயா, ஆன்டெனா நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் அலை போகும் வழி முழுவதும் அப்போது பகல். அடித்தட்டு அலையை விழுங்கிவிட்டது.

4 அக்டோபர், வெள்ளி

ஒரு திருத்தம். நேற்று ஒரு வாசகருக்குத் தனியாக எழுதும்போது, இது 2017 செப்டம்பர் 6 அன்று வந்த எக்ஸ் 9.3-க்கு ஏறக்குறைய சமம் என்று சொல்லிவிட்டேன். அது தவறு. பழைய கோஸ் செயற்கைக்கோள்களின் அளவுகள் 0.7 என்ற காரணியால் குறைத்து வெளியிடப்பட்டவை. அதை நீக்கினால் 2017-இன் எண் எக்ஸ் 13.3 ஆகிறது. இப்போதைய கருவிகள் அந்தக் காரணி இல்லாமல் அளக்கின்றன. ஆகவே 2017-இல் வந்தது தெளிவாகவே பெரியது. இரண்டு காலத்து எண்களை ஒப்பிடும் முன் அளவுகோல் ஒன்றுதானா என்று பார்த்திருக்க வேண்டும்.

5 அக்டோபர், சனி

சதவீதம் பற்றிய கேள்விக்கு வருகிறேன்.

1884-இல் அமெரிக்க ராணுவத்தின் வானிலைப் பிரிவில் ஜான் ஃபின்லி என்பவர் சூறாவளி (டொர்னேடோ) முன்னறிவிப்புகள் தந்தார். மொத்தம் 2,803 அறிவிப்புகளில் 96.6 சதவீதம் சரி என்று கணக்குக் காட்டினார். கில்பர்ட் என்ற புவியியலாளர் அந்த அட்டவணையைப் பிரித்துப் பார்த்தார். "வரும்" என்று ஃபின்லி சொன்ன நூறு முறைகளில் 28 முறை சூறாவளி வந்தது, 72 முறை வரவில்லை. அவர் "வராது" என்ற இடங்களில் 23 முறை வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் "வராது" என்று மட்டும் சொல்லியிருந்தால் 98.2 சதவீதம் சரியாக இருந்திருக்கும்.

எக்ஸ் ஃபிளேரும் அரிதான நிகழ்வு என்பதால் அதே பொறி இங்கேயும் இருக்கிறது. நீங்கள் கேட்கும் "வரும் அல்லது வராது" என்ற வடிவத்தில், தினமும் "வராது" என்பவர் பெரும்பாலான நாட்களில் வென்றுகொண்டே இருப்பார். தேவையான ஒரு நாளில் அவரால் எந்தப் பயனும் இராது. விமானத்துக்கு நீண்ட தூர வானொலித் தொடர்பைத் திட்டமிடுபவருக்கும், செயற்கைக்கோளை இயக்குபவருக்கும் 2 சதவீத நாளும் 40 சதவீத நாளும் வெவ்வேறு நாட்கள்.

சதவீதம் சொல்பவர் தப்பித்துக்கொள்வார் என்பதும் சரியல்ல. அவரைப் பிடிக்க வழி இருக்கிறது. நான் சொன்ன வாய்ப்புக்கும் நடந்ததற்கும் உள்ள வேறுபாட்டை வர்க்கப்படுத்தித் தினமும் கூட்டிக்கொண்டே போக வேண்டும். வந்தால் 1, வராவிட்டால் 0. அக்டோபர் முதல் தேதி 0.2 என்று எழுதினேன், வந்தது, தண்டனை 0.64. அடுத்த நாள் 0.4 என்று எழுதினேன், வந்தது, 0.36. எதுவும் வராத நாளில் 0.2 என்று எழுதியிருந்தால் 0.04 மட்டும். ஓர் ஆண்டின் முடிவில் என் சராசரி, நீண்ட கால இயல்பை மட்டும் தினமும் எழுதுபவரின் சராசரியைவிடக் குறைவாக இருந்தால் எனக்கு ஏதோ தெரிகிறது, இல்லையென்றால் தெரியவில்லை. ஜோதிடத்திலிருந்து வேறுபாடு கேட்டீர்கள். எண் முன்கூட்டியே மையால் எழுதப்படுகிறது, வராத நாளும் கணக்கில் ஏறுகிறது. எனக்குத் தெரிந்த வேறுபாடு அவ்வளவுதான். அது பெரிய வேறுபாடு என்றே நம்புகிறேன்.

7 அக்டோபர், திங்கள்

"டெல்டா இருந்தால் போதுமா?" என்று மடிவாலாவிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். போதாது. 2014 தீபாவளி நேரத்தில் நம்மை நோக்கி இருந்த 12192 இதற்குச் சான்று. 1990-க்குப் பிறகு வந்த மிகப் பெரிய கூட்டம் அது. உரிய கண்ணாடி அணிந்து வெறும் கண்ணாலேயே பார்த்தேன். டெல்டா இருந்தது, ஆறு எக்ஸ் ஃபிளேர்கள் வந்தன. அந்த ஆறில் ஒன்றுகூடக் குறிப்பிடத்தக்க பிளாஸ்மா மேகத்தை வெளியே தள்ளவில்லை. மேலே கவிந்திருந்த காந்த வளைவுகள் மிக வலுவாக இருந்ததால், உள்ளே வெடித்தது உள்ளேயே அடங்கிவிட்டது.

நாம் "முன்னறிவிப்பு" என்று ஒரே சொல்லில் குறிப்பவை இரண்டு செயல்கள். ஃபிளேர் ஒளி; எட்டே கால் நிமிடத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் இங்கே வந்துவிடும். நாம் பார்க்கும் கணத்தில் அது ஏற்கெனவே தாக்கியிருக்கும். பிளாஸ்மா மேகம், அதாவது சி.எம்.இ., வந்து சேர ஒன்று முதல் மூன்று நாட்கள் வரை ஆகலாம். ஃபிளேரை வெடிப்பதற்கு முன் கணிக்க வேண்டும்; மேகத்தைப் புறப்பட்ட பின்னும் கணிக்கலாம். இந்தப் பிரிவினையை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொரு வாசகர் கொடைக்கானலைப் பற்றிக் கேட்டிருக்கிறார். தாது வருடப் பஞ்சத்துக்குப் பிறகு, சூரியனை ஆராய்ந்தால் பருவமழையின் போக்கைப் புரிந்துகொள்ளலாம் என்ற எண்ணம் சென்னை மாகாணத்தில் வலுத்தது. அதன் விளைவாக 1899-இல் அங்கே சூரிய ஆய்வகம் அமைந்தது. மழைக் கணிப்பு அவர்கள் எண்ணியபடி கைகூடவில்லை. ஆனால் 1904 முதல் நாள்தோறும் எடுத்த சூரியப் படங்கள் நமக்குக் கிடைத்தன. புறநிழலில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்ததும் அங்கேதான். ஆய்வகத்தை இன்று நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் நம் கோரமங்களாவில் இருக்கிறது. எந்தக் கூட்டம் எத்தனை நாள் வாழ்ந்தது, எப்படிச் சிதைந்தது என்று நூறாண்டுக்கு மேல் பின்னோக்கிப் பார்க்க உதவும் பதிவு உலகில் மிகச் சில இடங்களிலேயே உண்டு. மழைக்காக ஏங்கியவர்களின் பஞ்சத்திலிருந்து அது பிறந்தது என்பதை நான் மறப்பதில்லை.

9 அக்டோபர், புதன், காலை 9 மணி

காலை 7:26-க்கு எக்ஸ் 1.8. இந்த முறை காரணம் 13842 அல்ல; அது மேற்கு விளிம்பை நெருங்கிவிட்டது. நடுவே இருக்கும் 13848-இலிருந்து வந்தது. அந்நேரம் எல்லா வீடுகளிலும் மிக்ஸி ஓடுகிறது. என் கோடு சீப்புப் பல்லைப் போல இருக்கிறது. ஆயினும் அதன் மேலே 18.2-இன் மேடு தெளிவாகத் தெரிகிறது, மெதுவாகவே இறங்குகிறது. நீண்ட நேரம் நீடிக்கும் ஃபிளேர் பெரும்பாலும் மேகத்தோடு வரும். நேற்று மாலை எழுதியது 30 சதவீதம்.

9 அக்டோபர், இரவு

மேகம் புறப்பட்டிருக்கிறது, நம்மை நோக்கியே வருகிறது. அமெரிக்க விண்வெளி வானிலை மையம், புவிக்காந்தப் புயலுக்கான ஐந்து படிகளில் நான்காவதான ஜி4 எச்சரிக்கை விடுத்திருக்கிறது. எக்ஸ் 9.0-க்கு வராத எச்சரிக்கை எக்ஸ் 1.8-க்கு வந்திருக்கிறது, கேள்வி கேட்ட வாசகர் இதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

11 அக்டோபர், வெள்ளி, ஆயுத பூஜை

நேற்று இரவு 8:45 மணி அளவில் மேகம் வந்து சேர்ந்தது. ஃபிளேரின் உச்சத்திலிருந்து சுமார் 37 மணி நேரம். சராசரி வேகம் நொடிக்கு 1,100 கிலோமீட்டருக்கு மேல். புயல் ஜி4 அளவைத் தொட்டது, ஹான்லேயில் மீண்டும் வானம் சிவந்தது. எக்ஸ் 9.0-க்குப் பிந்தைய நாட்களில் புவிக்காந்தக் குழப்பம் இருந்தாலும் அது ஜி4-ஐத் தொடவில்லை.

மேகம் எவ்வளவு வேகமாக வருகிறது என்பதைவிட, அதற்குள் இருக்கும் காந்தப்புலம் தெற்கு நோக்கி இருக்கிறதா என்பதே முக்கியம். தெற்கு என்றால் பூமியின் புலத்தோடு பிணைந்து கதவைத் திறந்துவிடும்; வடக்கு என்றால் பெரும்பாலும் வழுக்கிக்கொண்டு போய்விடும். இதை மேகம், சூரியனுக்கும் பூமிக்கும் இடையே விண்கலங்கள் நிற்கும் எல்1 புள்ளியைத் தொடும்போதுதான் அளக்க முடிகிறது. அங்கே 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், சனவரி 6 முதல் நம் ஆதித்யா எல்1-உம் நிற்கிறது. இவ்வளவு வேகமாக வரும் மேகம் அங்கிருந்து பூமியை அடைய அரை மணி நேரமே ஆகும். மின்கட்டமைப்பை நடத்துபவருக்குக் கிடைக்கும் உறுதியான முன்னறிவிப்பு அந்த அரை மணி நேரம்தான். 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக் மாகாணம் இருளில் மூழ்கியபோது கட்டமைப்பு விழ இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

கைபேசி கெடுமா என்று மூவர் கேட்டிருக்கிறார்கள். கெடாது. பெங்களூரில் துருவ ஒளி தெரியுமா என்றும் கேட்கிறார்கள். நாம் காந்த நடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறோம், தெரியாது.

12 அக்டோபர், சனி

முதல் நாள் சொன்ன ஏரி உவமையைத் திரும்பப் படித்தேன், பாதிதான் பொருந்துகிறது. ஏரி உடைந்தால் தண்ணீர் வெளியேறித்தான் ஆக வேண்டும். இங்கே 12192-ஐப் போல உடைந்தும் ஒன்றும் வெளியேறாமல் இருக்கலாம். வெளியேறியதும் எந்தப் பக்கம் போகிறது, எந்த முனையோடு வருகிறது என்பவை தனிக் கேள்விகள். உவமையை நீக்கவில்லை. ஃபிளேர் வரைக்கும் மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

15 அக்டோபர், செவ்வாய்

காலையிலிருந்து மழை. வெளிவட்டச் சாலையில் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது, சூரியன் தெரியவில்லை, இன்றைய தாளில் வட்டம் மட்டும் இருக்கிறது. இடி மின்னல் ஒவ்வொன்றும் சட்டத்தில் முள்ளாக விழுவதால் 18.2-இன் கோட்டையும் நம்ப முடியவில்லை. மாலை எண்ணை விண்கலப் படங்களை வைத்தே எழுதுகிறேன்.

முதல் கேள்வியைக் கேட்ட வாசகர், கடந்த மூன்று நாட்களாகத் தானும் மாலை 6 மணிக்கு ஓர் எண்ணை எழுதிவைப்பதாகச் சொல்லி, சட்டத்துக்குக் கம்பி எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறார். மழை விட்டதும் எஸ்.பி. ரோடுக்குப் போங்கள். மோட்டார் ரீவைண்டிங் சாமான் விற்கும் கடையில் 26 கேஜ் வைண்டிங் வயர் என்று கேளுங்கள். எடை போட்டுத் தருவார்கள். ஒரு மீட்டர் சட்டத்தில் 60 சுற்றுக்கு 240 மீட்டர், அதாவது சுமார் 350 கிராம் போதும். அரைக் கிலோவாக வாங்கிக்கொள்ளுங்கள், முதல் முறை சுற்றும்போது எங்கேயாவது அறுந்துவிடும். முனைகளில் இனாமல் பூச்சை உப்புத்தாளால் நன்றாகச் சுரண்டிய பிறகே ஈயம் வையுங்கள். சட்டத்தின் தளம் விஜயநாராயணத்தை நோக்கி, அதாவது வடக்கு தெற்காக இருக்கட்டும். பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து முடிந்தவரை தள்ளி வையுங்கள்.